இன்னொரு கார்டுக்குக் கையெழுத்துப் போடும் முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டாவது கிரெடிட் கார்டு பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.48,000. கார்டு எடுத்து எட்டு மாதம் ஆகிறது, லிமிட் ரூ.60,000. மளிகை, பெட்ரோல், கரண்ட் பில் எல்லாம் சேர்ந்து மாதம் ரூ.33,000 அதில்தான் போகிறது. பில்லை முழுசாகக் கட்டிவிடுகிறேன். இன்னொரு வங்கியிலிருந்து தினமும் போன் வருகிறது. வாங்கலாமா, இன்னும் பொறுக்கணுமா?

பதில்: போன் வருவதை வாங்குவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்களுடைய டார்கெட். ஆனால் உங்கள் கணக்கைப் பார்த்தால் இரண்டாவது கார்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ரூ.60,000 லிமிட்டில் ரூ.33,000 செலவு என்றால் 55 சதவீதம். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு நின்றால் ஸ்கோருக்கு, அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறீர்கள் என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணுக்கு, நல்லது என்பது பொதுக் கணக்கு. அது சட்டமில்லை, 31 ஆனதும் ஸ்கோர் விழுந்துவிடாது. ஆனால் மாதாமாதம் பாதிக்கு மேல் போனால், பில்லை ஒழுங்காகக் கட்டுபவரைக்கூடப் 'பணத்துக்குத் திணறுகிறார்' என்றுதான் அந்தக் கணக்கு பார்க்கும். இரண்டாவது கார்டு ரூ.1,00,000 லிமிட்டில் வந்து செலவும் ஏறாமல் இருந்தால், மொத்த லிமிட் ரூ.1,60,000. அதே ரூ.33,000 இப்போது 21 சதவீதம்தான்.

அதற்கு முன் காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. எல்லாருடைய கடன் விவரத்தையும் சேர்த்து ஸ்கோர் போடும் நிறுவனமான சிபிலுக்கு வங்கி விவரம் அனுப்பும் நாளில் உங்கள் கணக்கில் எவ்வளவு பாக்கி நிற்கிறதோ, அதுதான் பதிவாகும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை அனுப்பியாக வேண்டும். அதனால் பில் வரட்டும் என்று காத்திருக்காமல், சம்பளம் வந்ததும் ஒரு ரூ.15,000, மாத நடுவில் ஒரு ரூ.10,000 என்று ஆப்பில் கட்டிவிடுங்கள். எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் பாக்கி ரூ.15,000 பக்கம்தான் நிற்கும், அதாவது 25 சதவீதம். இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்த பிறகு ஸ்கோரைப் பாருங்கள்.

அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பிக்கலாம். முதல் கார்டுக்கு ஆறு மாதம் ஆகியிருப்பது குறைந்தபட்சம், ஒரு வருடம் ஆகியிருந்தால் நல்லது. வங்கி பார்ப்பது, நீங்கள் தவறாமல் கட்டிய மாதங்கள் எத்தனை என்பதைத்தான். இப்போதைய வங்கியிடம் லிமிட்டை உயர்த்தித் தரச் சொல்லியும் கேட்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்களாக உயர்த்தக் கூடாது. நீங்கள் கேட்டால் சம்பளச் சீட்டைப் பார்த்து உயர்த்துவார்கள். இன்னொரு தேதியை நினைவில் வைக்கும் வேலை மிச்சம்.

கேள்வி: திருச்சியில் ஃபிளாட் பார்த்திருக்கிறோம். நாலு மாதத்தில் வீட்டுக்கடன் போடுவோம். அதற்குள் சோபா, ஃபிரிட்ஜ் வாங்க ஆஃபர் உள்ள ஒரு கார்டு எடுக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். சோபா காத்திருக்கும்.

கார்டுக்கு விண்ணப்பித்ததும் வங்கி உங்கள் கடன் அறிக்கையை எடுக்கும். அந்த விசாரணை அதில் பதிவாகி, ஸ்கோர் சில புள்ளிகள் இறங்கலாம். புதுக் கணக்கு திறந்தால் உங்கள் கணக்குகளின் சராசரி வயதும் குறையும். சில மாதத்தில் சரியாகிவிடும் சங்கதிதான், ஆனால் உங்களுக்கு அந்தச் சில மாதம்தான் முக்கியம். ரூ.40 லட்சம், 20 வருடம் என்று கடன் போடும்போது வட்டி கால் சதவீதம் கூடினால் மாதத் தவணையில் ரூ.600-க்கு மேல் ஏறும். எந்த கார்டு ஆஃபரும் அதை ஈடு கட்டாது.

இன்னொன்றும் இருக்கிறது. சோபா, ஃபிரிட்ஜை கார்டில் இ.எம்.ஐ. ஆக மாற்றினால் அந்தத் தவணையும் உங்கள் கடன் சுமைக் கணக்கில் ஏறும். எல்லாத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது போல வங்கிகள் ஒரு வரம்பு வைத்திருக்கும். அது நெருக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு ரூ.4,000 ஃபிரிட்ஜ் தவணைகூடக் கடன் தொகையைச் சில லட்சம் குறைத்துவிடும்.

கடன் ஒப்புதலான சாங்ஷன் கடிதம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்ப்பதுண்டு. பத்திரப்பதிவு முடிந்து, கடன் தொகை முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகு கார்டு பற்றி யோசிக்கலாம். இருவரும் சேர்ந்து கடன் போடுவதாக இருந்தால் இது இருவருக்குமே பொருந்தும். மனைவி பெயரில் எடுத்தால் பரவாயில்லை என்ற குறுக்குவழி வேண்டாம்.

கேள்வி: ஐயா, மதுரையில் சிறிய கடை வைத்திருக்கிறேன். கார்டு பில் ரூ.40,000 வந்தது, மினிமம் ரூ.2,000 கட்டினேன். அடுத்த பில்லில் பாக்கி கூடியிருக்கிறது! வேறு கார்டு வாங்கி இந்தப் பாக்கியை அதற்கு மாற்றினால் சரியாகுமா?

பதில்: பில்லில் தப்பில்லை, கணக்கே அப்படித்தான். ஒரு உதாரணம் பார்ப்போம். ஜூன் 3-ம் தேதி ரூ.40,000-க்குச் சரக்கு எடுத்தீர்கள் என்று வையுங்கள். பில் ஜூன் 30, கடைசித் தேதி ஜூலை 20. அன்று ரூ.2,000 மட்டும் கட்டுகிறீர்கள். கட்டாத ரூ.38,000-க்கு, அதுவும் ஜூலை 20-லிருந்துதான் வட்டி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முழுத் தொகையும் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே ரத்து. சரக்கு எடுத்த ஜூன் 3-லிருந்தே வட்டி ஓடும்.

மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம் என்று வைத்தால், ரூ.40,000-க்கு ஒரு நாள் வட்டி சுமார் ரூ.46. ஜூன் 3 முதல் ஜூலை 20 வரை 47 நாளுக்கு ரூ.2,163. மீதி ரூ.38,000-க்கு அடுத்த பில் தேதியான ஜூலை 30 வரை பத்து நாளுக்கு ரூ.437. ஆக ரூ.2,600. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ரூ.468. ரூ.2,000 கட்டினீர்கள், ரூ.3,068 ஏறியது. புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமலே பாக்கி ரூ.41,068.

இதோடு நிற்காது. பழைய பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் இன்று வாங்கும் ரூ.200 பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அதனால் முதல் வேலை, அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துவது.

வேறு கார்டுக்குப் பாக்கியை மாற்றும் வசதி உண்டு. ஆனால் அதற்குக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் உண்டு, குறைந்த வட்டி சில மாதங்களுக்குத்தான். அதைவிட, லிமிட்டைக் காலி செய்து வைத்திருக்கும் உங்களுக்கு இப்போது புதுக் கார்டு கிடைப்பது சந்தேகம். விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்கினால் அதுவும் அறிக்கையில் ஒரு விசாரணையாக நிற்கும். அதற்குப் பதில், இதே வங்கியில் பாக்கியைத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே வந்துவிடும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் எடுத்து ரூ.41,068-ஐயும் ஒரே அடியாகக் கட்டிவிடுவது இன்னும் மேல். நகையை அடகு வைக்கச் சொல்வது கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் 42 சதவீதத்தோடு ஒப்பிட்டால் நகைக்கடன் வட்டி மிகக் குறைவு, சிபில் ஸ்கோரையும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். வங்கி 'செட்டில்மென்ட்' பேச வந்தால் மட்டும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைத்து வாங்கிக்கொண்டு முடித்த கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று நின்றுவிடும். அடுத்த கடனுக்குப் போகும்போது அந்த ஒரு சொல்தான் முதலில் கண்ணில் படும்.

இரண்டாவது கார்டை, பாக்கி தீர்ந்து தொடர்ந்து ஆறு பில்லாவது முழுசாகக் கட்டிய பிறகு யோசியுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே கார்டு உள்ள வங்கியிலேயே இரண்டாவதும் வாங்குவது சுலபமா?

பதில்: சுலபம்தான். ஆனால் பல வங்கிகள் பழைய லிமிட்டையே இரண்டு கார்டுக்கும் பொதுவாக வைக்கும். ரூ.60,000, ரூ.1,20,000 ஆகாது. லிமிட் தேவைப்பட்டு வாங்குபவர் வேறு வங்கிக்குப் போகவேண்டும். குறிப்பிட்ட சலுகைக்காக மட்டும் வாங்குபவருக்கு அதே வங்கி போதும்.

கேள்வி: கோவையில் ஒரு மாலில் 'லைஃப் டைம் ஃப்ரீ' என்று சொல்லி பான் கார்டு, ஆதார் நகல் வாங்கினார்கள். பிறகு பார்த்தால் இரண்டு வங்கிகளிலிருந்து 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று மெசேஜ். மூன்றாவதாக ஒரு வங்கியில் போட்டுப் பார்க்கட்டுமா?

பதில்: போடாதீர்கள். ஒரே வாரத்தில் மூன்று விசாரணை என்றால் நான்காவது வங்கி உங்களைப் பணமுடையில் அலைபவராகத்தான் பார்க்கும்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இரண்டு வங்கிக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். 'எங்கள் உள் விதிப்படி' என்று மழுப்பினால், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கேளுங்கள். பல நேரம் காரணம் ஸ்கோராகவே இருக்காது. பான் கார்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு என்று இருக்கும். அப்பா பெயரை முழுதாகவும் இனிஷியலாகவும் மாற்றி மாற்றி எழுதும் நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. சில வங்கிகளுக்குச் சில பின்கோடுகளில் கார்டு சேவையே இருக்காது. ஏஜென்ட் அதைச் சொல்வதில்லை.

அடுத்து, கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. 300 முதல் 900 வரையிலான எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், கணக்குகள் பக்கத்துக்குப் போங்கள். எப்போதோ வாங்கிய போனின் கடைசித் தவணை ரூ.350 பாக்கி என்று நிற்கும். கட்டி முடித்த பைக் கடன் இன்னும் மூடப்படாமல் இருக்கும். தப்பு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் போடலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உங்களுக்குச் சேரும்.

ஆறு மாதம் போகட்டும். பிறகு ஒரே ஒரு வங்கி, அதுவும் உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கி, அதன் ஆப் மூலமாக மட்டும். இனி யாருக்கும் நகல் கொடுக்க நேர்ந்தால் அதன் மேலேயே வங்கியின் பெயரையும் தேதியையும் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் ஆசிரியை. என்னிடம் இருப்பது விசா கார்டு. ஜிபேயில் கார்டை இணைத்து க்யூஆர் ஸ்கேன் செய்ய ரூபே கார்டுதான் வேண்டுமாம். அதற்காக ஒன்று வாங்கலாமா?

பதில்: இரண்டாவது கார்டு வாங்க இது சரியான காரணம். யு.பி.ஐ.யில் இணைவது ரூபே கிரெடிட் கார்டு. 2022 செப்டம்பரில் இந்த வசதி வந்தது. கார்டு மெஷின் இல்லாத மளிகைக் கடை, மருந்துக்கடையிலும் கார்டு செல்லும். கட்டணமில்லாத ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் எல்லா க்யூஆரிலும் போகாது. கடைக்காரர் வியாபாரக் கணக்காகப் பதிந்திருந்தால்தான் ஏற்கும். டீக்கடை அண்ணாச்சி தன் சொந்த எண்ணின் க்யூஆரை ஒட்டி வைத்திருந்தால் கார்டு மறுக்கப்படும், வங்கிக் கணக்கிலிருந்துதான் அனுப்ப முடியும். தோழிக்கோ வீட்டு வேலைக்கு வருபவருக்கோ கார்டிலிருந்து அனுப்பவும் முடியாது.

இதில் ஒரு வம்பும் உண்டு. ரூ.20, ரூ.45 என்று மாதம் எண்பது வரி கொண்ட பில் வரும். நீங்கள் செய்யாத ரூ.499 ஒன்று நடுவில் ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை ஆப்பில் பார்த்துவிடுங்கள். தெரியாத வரவு செலவு இருந்தால், உங்கள் பக்கமும் வங்கியின் பக்கமும் தவறில்லாத நிலையில், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையதல்ல. நாலு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், ரூ.5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டில் ரூ.10,000 வரை உங்கள் தலையில் விழலாம். இதற்கென்று வாங்கும் கார்டில் ஆப் மூலம் தினசரி உச்சவரம்பை ரூ.5,000 என்று குறைத்து வையுங்கள்.

கேள்வி: இரண்டு கார்டு வைத்திருக்கிறேன். தேதி குழம்பி ஒருமுறை அபராதம் கட்டிவிட்டேன். வழி உண்டா?

பதில்: பில் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஒரு தடவையாவது மாற்றித் தர வேண்டும் என்பது விதி. சம்பளம் 1-ம் தேதி வருகிறது என்றால் இரண்டு கார்டின் கடைசித் தேதியும் 3-லிருந்து 8-க்குள் விழும்படி வைத்துவிடுங்கள். கையில் பணம் இருக்கும்போதே இரண்டும் முடிந்துவிடும்.

ஒரு கார்டின் பில் 5-ம் தேதி, இன்னொன்று 20-ம் தேதி என்று பிரித்து வைத்து, பெரிய செலவை எப்போதும் பில் முடிந்த மறுநாள் செய்து 45 நாளுக்கு மேல் வட்டியில்லாமல் ஓட்டுபவர்களும் உண்டு. கணக்காகச் செய்பவர்களுக்கு அது லாபம். ஒருமுறை தேதி குழம்பிய உங்களுக்கு வேண்டாம்.

ஆட்டோ பே போடும்போது 'மினிமம் தொகை', 'மொத்தத் தொகை' என்று இரண்டு தேர்வு வரும். மொத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோ பே பதிந்த பிறகு ஏற்கெனவே வந்துவிட்ட பில்லுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது, அடுத்த பில்லிலிருந்துதான். பதிந்த மாதம் கையால் கட்டுங்கள், பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். கடைசித் தேதியைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணமும் போடலாம், தாமதம் என்று சிபிலுக்கும் சொல்லலாம். தேதி தவறியதை இரண்டாம் நாள் கவனித்தால் உடனே கட்டிவிடுங்கள்.

கேள்வி: கும்பகோணம். குடும்பத் தலைவி. என் பெயரில் வருமானம் இல்லை. அவருடைய கார்டிலேயே ஆட்-ஆன் கார்டு போதுமா, தனியாக வாங்கலாமா?

பதில்: ஆட்-ஆன் கார்டில் லிமிட்டும் அவருடையது, கட்டும் பொறுப்பும் அவருடையது. செலவுக்கு வசதி, உங்களுக்கென்று கடன் வரலாறு அதனால் உருவாகும் என்று நம்ப முடியாது. உங்கள் பெயரில் ரூ.25,000 வைப்புத்தொகை போட்டு அதன் பேரில் கார்டு கேளுங்கள். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். வைப்புத்தொகையில் பெரும்பாலும் 75 முதல் 90 சதவீதம் வரை லிமிட் வரும். வைப்புத்தொகைக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது, பில் கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மாதம் இரண்டு மூன்று சின்னச் செலவு செய்து முழுசாகக் கட்டி வந்தால் போதும்.

கேள்வி: கேட்காமலே வங்கி அனுப்பிய கார்டு அலமாரியில் கிடக்கிறது. ஆக்டிவேட் செய்யவில்லை. பணம் பிடிப்பார்களா?

பதில்: பிடிக்கக் கூடாது. கேட்காமல் கார்டு அனுப்பி அதற்குக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு இரண்டு மடங்கு அபராதமும் தரவேண்டும். 30 நாள் ஆகியும் ஆக்டிவேட் செய்யாத கார்டுக்கு ஓ.டி.பி. வழியாக உங்கள் சம்மதத்தைக் கேட்பார்கள். அந்த ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாமல் விட்டாலே சம்மதமில்லை என்று பொருள். ஏழு வேலை நாளுக்குள் கணக்கை மூடவேண்டும்.

கேள்வி: புதுக் கார்டு வந்துவிட்டது. பழையதைக் கத்தரித்துப் போட்டுவிட்டேன். அவ்வளவுதானே?

பதில்: அட்டைதான் போனது, கணக்கு உயிரோடு இருக்கிறது. வருடக் கட்டணம் வரும், கட்டாவிட்டால் அதற்கு வட்டியும் வரும்.

முதலில் மூடத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பழைய கார்டுக்குக் கட்டணம் இல்லையென்றால் வைத்துக்கொள்வதே நல்லது. பழைய கணக்கின் வயதும் லிமிட்டும் உங்கள் ஸ்கோருக்குத் துணை. ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் விட்டால் வங்கி தகவல் சொல்லி, 30 நாளில் பதில் வராவிட்டால் தானே மூடிவிடலாம். அதனால் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு போன் ரீசார்ஜாவது செய்யுங்கள். அட்டையை வெட்டிவிட்டதால் மாற்று அட்டை கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கட்டணம் உள்ள கார்டு என்றால், கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

மூடுவது என்று முடிவானால், சேர்ந்த பாயின்ட்டுகளை முதலில் செலவழித்துவிடுங்கள். ஓ.டி.டி., இன்சூரன்ஸ் என்று அந்தக் கார்டில் தானாகப் போகும் தவணைகளைப் புதுக் கார்டுக்கு மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இ.எம்.ஐ., கடைசிப் பில்லுக்குப் பிறகு செய்த செலவு உட்படப் பாக்கியைப் பூஜ்யமாக்கிவிட்டு விண்ணப்பியுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.500 உங்களுக்கு. வாடிக்கையாளர் சேவையில் பேசியதோடு விடாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள், தேதிக்குச் சாட்சி அதுதான். 30 நாளாகியும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. மூடிய கடிதம் வந்ததும் ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, அந்தக் கணக்கு 'மூடப்பட்டது' என்றும் பாக்கி பூஜ்யம் என்றும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.